உருவகம் பொய்யா? கிறிஸ்டோபரை மறுபடி வாசித்தபோது

பொத்தோங் பாசிர் வாசகி கேட்கிறார்:

வணக்கம். மார்க் ஹேடன் எழுதி 2003இல் வெளிவந்த ‘தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட் டைம்’ நாவலைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் நூலகத்தில் இரவல் எடுத்து வாசித்தேன். அண்டை வீட்டு நாயைக் கொன்றது யார் என்று துப்பறியப் புறப்படும் 15 வயதுக் கிறிஸ்டோபரின் கூர்மை முதல் வாசிப்பில் என்னை வியக்க வைத்தது. இப்போது ஆட்டிசம் உள்ள 8 வயது மகனுக்கு நான் தாய். 7,057 வரையிலான பகா எண்களை அறிந்து, அத்தியாயங்களுக்கும் பகா எண்களையே இடும் அந்தப் பிள்ளையைப் படிக்கும்போது, தீபாவளிக்கு வரும் உறவினர்கள் “தம்பி கணக்கில் புலியாக இருப்பானே?” என்று கேட்பதுதான் நினைவுக்கு வந்தது. என் மகனுக்குக் கணக்கு வராது. மின்தூக்கிப் பொத்தான்கள் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த உறவினர்களிடம் இந்த நாவலைக் கொடுக்கலாமா?

புக்கிட் பாத்தோக் நூலார்வலர்:

கொடுக்கலாம், ஆனால் கையேடாகக் கொடுக்காதீர்கள். கிறிஸ்டோபரின் நிலைக்குக் கதைக்குள் எங்கும் பெயர் சூட்டப்படவில்லை. ஆட்டிச வகை நிலை ஒன்றின் பெயரான ‘ஆஸ்பெர்கர்’ என்ற சொல் அட்டைக் குறிப்பில்தான் வந்தது. தாம் இத்துறையில் வல்லுநர் அல்லர் என்று ஆசிரியரே கூறியிருக்கிறார். பகா எண்களைவிட, தனியாக லண்டனுக்குப் போகும் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள். ரயில் நிலையத்தில் அறிவிப்புப் பலகைகளின் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள், நெரிசலான எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒரு பிள்ளை ஏன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது என்று அதன் தாயிடம் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

தெம்பனிஸ் தமிழாசிரியர்:

எனக்கு அந்த நாவலில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. உருவகத்தைப் பொய் என்று சொல்லும் கிறிஸ்டோபர், உவமையை, அது மோசமான உவமையாக இல்லாதவரை, பொய் என்று சொல்வதில்லை. நம் வகுப்பறையில் இதை நடத்தியவர்களுக்கு அவன் சொல்வது உடனே புரியும்: ‘தாமரை போன்ற முகம்’ என்றால் ஏற்றுக்கொள்வான், ‘முகத்தாமரை’ என்றால் முகம் எப்படித் தாமரையாகும் என்று கேட்பான். (தொல்காப்பியரும் உவமவியல் என்று ஓர் இயல் வகுத்தார், உருவகத்துக்குத் தனி இயல் தரவில்லை, கிறிஸ்டோபர் மகிழ்ந்திருப்பான்.) இதைக் குறைபாடு என்று படிப்பவர்கள் நாவலின் நடுப்பகுதியைத் தவறவிடுகிறார்கள். யாருடைய அலமாரியிலும் எலும்புக்கூடு இல்லை என்று, மறைத்து வைத்த இரகசியத்தைக் குறிக்கும் ஓர் ஆங்கில மரபுத்தொடரை எடுத்துக்காட்டி அவன் தொடக்கத்திலேயே மறுக்கிறான். பின்னர், இறந்துவிட்டதாகத் தந்தை சொன்ன தாய் எழுதிய கடிதங்கள் தந்தையின் அலமாரியில்தான் அவனுக்குக் கிடைக்கின்றன. சுற்றியிருக்கும் பெரியவர்கள் அன்பினாலும் அச்சத்தினாலும் பொய் சொல்லிக்கொண்டிருக்க, பொய் சொல்லத் தெரியாத ஒருவனிடம் கதைசொல்லும் பொறுப்பை ஆசிரியர் கொடுத்திருக்கிறார். கணக்குத் திறமை இல்லாவிட்டாலும் இந்த நாவல் நிற்கும். அந்த நேர்மை இல்லாவிட்டால் நிற்காது.

பொத்தோங் பாசிர் வாசகி:

இருவருக்கும் நன்றி. தமிழாசிரியரின் விளக்கத்தைப் படித்ததும் வேறொன்று தோன்றியது. தமிழில் ஆட்டிசத்துக்கு நாம் எழுதும் ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லே ஓர் உருவகம் அல்லவா? மதி எங்கே இறுகியிருக்கிறது என்று கிறிஸ்டோபர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது என் மாமியார், எண்ணெய் தேய்த்தால் இளகிவிடும் என்று உண்மையாகவே நம்பினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது; ஆகையால் அந்த ரயில் நிலையப் பகுதியை இந்த வார இறுதியில் நானே தமிழில் சொல்லப் போகிறேன்.