கோயில் கிணற்றுத் தண்ணீருக்குக் குளோரின்: அனுமதிக்கு விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா?

தோப்புத்தெரு:
வணக்கம். அமெரிக்காவில் நகராட்சிக் குழாய் எட்டாத இடத்தில் இருக்கும் ஒரு கோயிலின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். பெயரும் மாநிலமும் வேண்டாம். சொந்த போர்வெல், சொந்த செப்டிக் டேங்க். ஆண்டுக்கு 60 நாளாவது 25 பேருக்குக் குறையாமல் தண்ணீர் கொடுத்தால் கூட்டாட்சிச் சட்டப்படி அது பொதுக் குடிநீர் அமைப்பு, எங்கள் வார இறுதிக் கூட்டத்துக்கு நாங்கள் தாராளமாக அதற்குள் வந்துவிடுகிறோம். வழக்கமான சோதனையில் கோலிஃபார்ம் (மாசு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா வகை) வந்தது. கிணற்றிலேயே எடுத்த மாதிரியில் ஈ.கோலி. கூடுதலாக எடுத்த ஐந்து மாதிரிகளில் ஒன்றிலும் ஈ.கோலி. 24 மணி நேரத்துக்குள் அறிவிப்பு ஒட்டினோம், இப்போது கேன் தண்ணீர்தான்.

மாநில அலுவலகம் 120 நாள் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் அவர்கள் ஒப்புக்கொண்ட திட்டப்படி வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். குளோரின் என்றால் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தோடு விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் கட்டவே முடியும். குழுவில் பாதிப் பேர் குளோரின் என்கிறார்கள், பாதிப் பேர் கிணற்றைச் சரிசெய்தால் போதும் என்கிறார்கள். ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ள வேண்டும், தயங்காமல் சொல்லுங்கள்.

ஊற்றுக்கண்:
குளோரின் வேண்டாம், நேராகவே சொல்கிறேன். ஈ.கோலி வருகிறது என்றால் எங்கிருந்தோ மலம் கலக்கிறது. அது எங்கே என்று பார்க்காமல் மருந்தை ஊற்றி மூடுவது என்ன வேலை? கேசிங் பைப் தரைக்கு மேல் எவ்வளவு நிற்கிறது, மூடி இறுக்கமாக இருக்கிறதா, கேசிங்கைச் சுற்றி சிமென்ட் கலவை ஒழுங்காக இறக்கியிருக்கிறார்களா, செப்டிக் தண்ணீர் மண்ணில் இறங்கும் இடம் கிணற்றுக்கு மேட்டிலா பள்ளத்திலா, மழை பெய்தால் கார் நிறுத்தும் இடத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, இதையெல்லாம் யாராவது போய்ப் பார்த்தீர்களா? 2006-இல் வந்த நிலத்தடி நீர் விதியே நான்கு வழி தருகிறது: குறையைச் சரிசெய், வேறு நீராதாரம் தேடு, மாசின் மூலத்தை அகற்று, அதற்கும் பிறகு கடைசியில்தான் சுத்திகரிப்பு வருகிறது.

இன்னொன்று. இந்தத் தண்ணீர் அபிஷேகத்துக்குப் போகிறது. ஆற்று நீரும் கிணற்று நீரும் சுமந்து வந்து அபிஷேகம் செய்த ஊர்க்காரர்கள் நாம். சந்நிதியில் பிளீச் வாடை அடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

குழாயடி:
சின்னக் குடிநீர் அமைப்புகளில்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு வழிகளும் வரிசை இல்லை ஐயா. எது பொருந்தும் என்று மாநிலத்தோடு பேசி முடிவு செய்வது, ஒன்றுக்கு மேலும் சேர்த்துச் செய்யலாம். கிணற்றைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதில்தான் மறுப்பு.

கொலராடோவில் அலமோசா என்று ஓர் ஊர், ஒன்பதாயிரம் பேர் கூட இருக்க மாட்டார்கள். ஆழமான கிணறுகள், நல்ல தண்ணீர். அதனால் கிருமிநீக்கம் வேண்டாம் என்று மாநிலமே விலக்கு கொடுத்திருந்தது. 2008 மார்ச்சில் குழாய்த் தண்ணீர் வழியாக சால்மோனெல்லா பரவி, பதிவானது மட்டும் 400-க்கு மேற்பட்ட நோயாளிகள், ஒருவர் இறந்தார். விசாரித்துப் பார்த்தால் விரிசல் விட்ட ஒரு சேமிப்புத் தொட்டி வழியாக விலங்கு எச்சம் இறங்கியிருக்கும் என்று தெரிந்தது. கிணற்றில் கோளாறே இல்லை. வழியில் கலந்ததைத் தடுக்கக் குழாயில் குளோரின் கொஞ்சமும் இல்லை.

அவசரக்காரன்:
அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும். ஒரு சின்ன டோசிங் பம்ப், நீச்சல் குளக் கடையில் குளோரின், இந்த சனிக்கிழமையே மாட்டிவிடலாமே? மாநிலத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

குழாயடி:
தயவுசெய்து வேண்டாம். அனுமதி இல்லாமல் சுத்திகரிப்பு மாட்டுவதே தனி விதிமீறல். நீச்சல் குளத்துக்கு விற்கும் பல பொருட்களில் சயனூரிக் அமிலம் கலந்திருக்கும், குடிநீரில் போடும் ரசாயனத்துக்கு என்எஸ்எஃப் 60 முத்திரை இருக்க வேண்டும். அவ்வளவு ஏன், தண்ணீரில் இரும்பு, மாங்கனீசு எவ்வளவு என்று பார்க்காமல் குளோரின் விட்டால் அடுத்த நாள் குழாயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ வரும். விண்ணப்பத்தோடு தண்ணீரின் வேதியியல் அறிக்கை கேட்பது அதற்காகத்தான்.

மடப்பள்ளி_வாசுகி:
ஊற்றுக்கண் அண்ணா, சந்நிதியைப் பற்றிச் சொன்னீர்கள். நான் வேறொரு கோயிலில் அன்னதானக் குழுவில் இருக்கிறேன், மரியாதையோடுதான் கேட்கிறேன். அபிஷேகத் தண்ணீர் எங்கே போகிறது? தீர்த்தமாகக் கைக்கு வருகிறது. கைக்குழந்தையின் வாயில் மூன்று சொட்டு விடுகிறோம், கீமோ முடித்துவிட்டு வேண்டுதலுக்கு வந்த அம்மா கண்ணில் ஒற்றிக் குடிக்கிறார். கோயிலிலேயே எந்தக் குழாய்த் தண்ணீரை நாம் வெறும் நம்பிக்கையில் குடிக்கிறோமோ அது சந்நிதிக் குழாய்தான். அடுப்படியிலாவது சாம்பார் கொதிக்கிறது. நீர்மோரும் பானகமும் கொதிப்பதில்லை. சந்நிதிக்கு மட்டும் தனிக் குழாய், குளோரின் இல்லாமல் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஊற்றுக்கண்:
வாசுகி அம்மா சொன்னதை யோசித்தேன், தீர்த்தம் குடிநீர்தான், சரி. ஆனால் அதனாலேயே மூலத்தைச் சுத்தம் செய்வது இன்னும் முக்கியமாகிறது. குளோரினால் ட்ரைஹாலோமீத்தேன் உண்டாகிறது, புற்றுநோய் சந்தேகம் இருப்பதால்தானே அதற்கு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்?

குழாயடி:
வரம்பு உண்மை. அது தண்ணீரில் இருக்கும் இலைதழை மட்கு போன்ற கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்து உண்டாவது. ஏரி, ஆற்று நீரில் பெரிய தலைவலி, நல்ல போர்வெல் தண்ணீரில் பெரும்பாலும் மிகக் குறைவு. அந்த வரம்பே ஒரே ஆட்கள் ஆண்டுக்கணக்கில் குடிக்கும் அமைப்புகளுக்கானது. வந்து போகிறவர்கள் குடிக்கும் கோயில் மாதிரி இடத்துக்குக் கூட்டாட்சி விதி அந்தச் சோதனையைக் கேட்பதில்லை. இந்தத் துணைப்பொருட்களைக் குறைப்பதற்காகக் கிருமிநீக்கத்தில் சமரசம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. இருபது வருடம் கழித்து வரலாம் என்கிற ஆபத்தையும், இப்போதே கிணற்றில் இருக்கிற மலக்கிருமியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நீலக்கதிர்:
இவ்வளவு சண்டை எதற்கு? யூவி விளக்கு போடுங்கள். வாடை இல்லை, ருசி மாறாது, துணைப்பொருள் இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு அதுதான், பிரச்சினையே வந்ததில்லை.

குழாயடி:
வீட்டுக்குச் சரி. இங்கே சுத்திகரிப்பு வழியைத் தேர்ந்தெடுத்தால் வைரஸ்களில் 99.99 சதவீதம் போக வேண்டும். யூவியில் அதைக் காட்டச் சதுர சென்டிமீட்டருக்கு 186 மில்லிஜூல் கேட்கிறார்கள், ஏனென்றால் அடினோவைரஸ் யூவிக்கு அவ்வளவு லேசில் மசியாது. வீட்டுக்கு வாங்கும் நல்ல விளக்கே 40 மில்லிஜூல்தான். விளக்கைத் தாண்டிய பிறகு குழாயில் பாதுகாப்பும் கிடையாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், குளோரினுக்கு எளிதில் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணிக்கு குளோரினைவிட யூவி எவ்வளவோ மேல்.

ஊற்றுக்கண்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள்! 1993-இல் மில்வாக்கியில் குளோரின் போட்ட தண்ணீரைக் குடித்துத்தான் நாலு லட்சம் பேர் கிரிப்டோவால் படுத்தார்கள். இந்தக் கோயில் கிணற்றில் மழைத் தண்ணீர் நேராக இறங்குகிறது என்றால் உங்கள் குளோரின் என்ன செய்யும்?

சரி, எல்லோரும் எடுத்துக்காட்டும் வாக்கர்டனுக்கு வருவோம். கனடா, ஒன்டாரியோ, 2000 மே. ஏழு பேர் செத்தார்கள், 2,300 பேர் படுத்தார்கள். அங்கே குளோரின் கருவி *இருந்தது*. ஐந்தாம் எண் கிணறு, ஆழமில்லாதது, பக்கத்துப் பண்ணையின் சாணம் மழையில் இறங்கியது. குளோரின் போதவில்லை. தினமும் அளக்க வேண்டியவர்கள் அளக்காமலே நோட்டில் எண் எழுதி வைத்தார்கள். கருவி இருக்கிறது என்ற தைரியம்தான் அந்த ஊரைக் கெடுத்தது. வாரத்துக்கு ஒரு தொண்டர் மாறும் இந்தக் கோயில் மாதிரி இடத்தில் அதுதானே நடக்கும்?

குழாயடி:
இந்த இழையிலேயே வலுவான வாதம் இதுதான், அதற்கு மரியாதை கொடுத்தே பதில் சொல்கிறேன். வாக்கர்டன் விசாரணையை நடத்திய நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் இரண்டையும் சொன்னார். ஆட்கள் பொய் எழுதினார்கள். அதோடு அந்தக் கிணற்றுக்கு 1979-இல் அனுமதி கொடுத்தபோது மேற்பரப்பு நீர் கலக்கும் அறிகுறிகள் இருந்தும் எப்படி இயக்க வேண்டும் என்று நிபந்தனை எதுவும் போடவில்லை. குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி அங்கே இருந்திருந்தால் அந்த நோய்ப்பரவலே தடுக்கப்பட்டிருக்கும் என்றும் எழுதினார். அதாவது அனுமதி சும்மா ஒரு காகிதமாக இருந்ததால் வந்த சாவு அது. அதனால்தான் நான் அனுமதியை விரட்டி விரட்டிக் கேட்கச் சொல்கிறேன், நல்ல நிபந்தனையோடு.

கிரிப்டோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியே. மழைக்குப் பிறகு கலங்கல் ஏறுகிறதா, வெப்பநிலை மாறுகிறதா என்று பார்த்து, மேற்பரப்பு நீரின் நேரடித் தாக்கம் உள்ள கிணறு என்று மாநிலம் முடிவு செய்தால் குளோரின் மட்டும் போதாது, வடிகட்டலும் சேர வேண்டும். அதை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை செலவு.

தோப்புத்தெரு:
நன்றி. ஒரு சந்தேகம். பொறியாளர் பெரிய தொட்டி ஒன்றை வரைந்திருக்கிறார், குழுவில் எல்லோருக்கும் அதன் விலைதான் கண்ணை உறுத்துகிறது. பிரஷர் டேங்க் ஏற்கனவே இருக்கிறதே, போதாதா?

குழாயடி:
அனுமதியின் உயிரே அந்தத் தொட்டிதான். குளோரின் பட்டவுடன் கிருமி சாகாது, நேரம் வேண்டும். கணக்கு எளிது: மிஞ்சும் குளோரினையும் நிமிடத்தையும் பெருக்க வேண்டும். 10 டிகிரி தண்ணீரில் வைரஸ் 99.99 சதவீதம் போக 6 வர வேண்டும். முதல் குழாயடியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சினால் 12 நிமிடம். நிமிடத்துக்கு 40 லிட்டர் ஓடினால் 480 லிட்டர். ஆனால் தடுப்பு இல்லாத தொட்டியில் தண்ணீர் குறுக்குவழியாக ஓடிவிடும் என்பதால் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுப்பார்கள், அப்படியென்றால் 4,800 லிட்டர். உள்ளே தடுப்பு வைத்து, பத்தில் மூன்று பங்கு கணக்கில் வரும்படி செய்தால் 1,600 லிட்டர். ஆறு அங்குலக் குழாயை நீளமாகப் புதைத்தால் தண்ணீர் வரிசையாகவே போகும், முழுக் கொள்ளளவும் கணக்கில் வரும், சுமார் 26 மீட்டர் போதும். இடம் இருந்தால் இதைப் பொறியாளரிடம் கேளுங்கள். பிரஷர் டேங்கில் தண்ணீர் போவதும் வருவதும் ஒரே வாய், அதைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

முக்கியமாக, 40 லிட்டர் என்பது சாதாரண நாளா, தைப்பூசமா? கணக்கு உச்ச ஓட்டத்துக்குப் போட வேண்டும். கும்பாபிஷேகத்தன்று கழிப்பறை, மடப்பள்ளி, கால் கழுவும் குழாய் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தால் ஓட்டம் இரட்டிப்பாகும், 12 நிமிடம் 6 ஆகிவிடும். கூட்டம் அதிகமான அன்றைக்குப் பாதுகாப்பு குறைவு என்றால் எதற்கு இதெல்லாம்?

மடப்பள்ளி_வாசுகி:
ஓட்டத்தை மட்டுப்படுத்தும் வால்வு ஒன்று தொட்டிக்கு முன்னால் போடுவார்களே?

குழாயடி:
ஆமாம், வரைபடத்தில் அது இருக்கட்டும். திருவிழா நாளில் தண்ணீர் மெதுவாக வரும், அதைப் பக்தர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

ஊற்றுக்கண்:
தினசரி அளவு யார் எடுப்பது? அதற்குப் பதில் வரவில்லை.

குழாயடி:
இந்த அளவுள்ள அமைப்பில், பொதுமக்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒவ்வொரு நாளும் உச்சப் பயன்பாட்டு நேரத்தில் ஒரு மாதிரி அளக்க வேண்டும், அல்லது தொடர்ந்து அளக்கும் கருவி வைக்க வேண்டும். குறைந்தால் சரியாகும்வரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். நீச்சல் குளத்துக்கு விற்கும் சோதனைப் பட்டை செல்லாது, டிபிடி என்ற மருந்து சேர்த்து வரும் நிறத்தை வைத்துக் குளோரினை அளக்கும் அளவி வேண்டும். என்னைக் கேட்டால் தொடர் அளவியையே வாங்குங்கள், குறைந்தால் மோட்டாரை நிறுத்தும்படி இணைத்துவிடுங்கள். பிறகு பொய் எழுத யாருக்கும் வாய்ப்பில்லை.

மடப்பள்ளி_வாசுகி:
எங்கள் கோயிலில் குளிர்பெட்டி வெப்பநிலையை தினமும் எழுதுகிறோம், அந்த நோட்டிலேயே குளோரினும் எழுதுகிறோம். வார நாளில் அர்ச்சகர் எழுதுவார். அவர்தானே தினமும் இருப்பவர், பயிற்சி கொடுத்தால் ஒரு நிமிட வேலை.

ஊற்றுக்கண்:
அர்ச்சகர் தலையில் சம்பளமில்லாமல் இன்னொரு வேலையைக் கட்டாதீர்கள், செய்தால் அதற்கும் கணக்கு வைத்துக் கொடுங்கள். என் நிலை இது: கேசிங், மூடி, மழைநீர் வடிகால், செப்டிக் சோதனை, இவை நான்கும் திட்டத்தில் தேதியோடு எழுதப்பட வேண்டும். மோட்டாரை நிறுத்தும் அளவி இல்லாமல் நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டும் இருந்தால் குளோரினை எதிர்க்க மாட்டேன். வாடை பற்றி என் மனக்குறை அப்படியேதான் இருக்கிறது.

குழாயடி:
முதல் குழாயில் 0.5 போதும் என்று வடிவமைத்தால் வாடை லேசாகத்தான் இருக்கும், உச்சவரம்பு 4. சந்நிதிக்குத் தண்ணீரை முந்தின இரவே செப்புக் குடத்தில் பிடித்து மூடி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள், குளோரின் போன பிறகு அதில் விழுவது எதையும் தடுக்க ஒன்றும் இருக்காது. காலையில் புதிதாகப் பிடியுங்கள்.

தோப்புத்தெரு:
ஞாயிறு கூட்டத்தில் வைக்கப்போவது: கிணற்று வேலைகள் நான்கும் குளோரின் விண்ணப்பமும் ஒரே திட்டமாக மாநிலத்துக்குப் போகும். மேற்பரப்பு நீர்க் கேள்வியை நாளைக்கே தொலைபேசியில் கேட்கிறேன். தொட்டிக்குப் பதில் புதைக்கும் குழாய் முடியுமா என்று பொறியாளரிடம் விலை கேட்டிருக்கிறேன். தொடர் அளவிக்கு உபயதாரர் ஒருவர் இருக்கிறார், கோபுர விளக்குக்குக் கொடுப்பதாகச் சொன்ன பணம், அவரிடம் பேச வேண்டும். ஊற்றுக்கண் ஐயா, செப்டிக் சோதனைக்குச் சாயம் விட்டுப் பார்ப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும் போலிருக்கிறது, தனியே எழுதுகிறேன்.