முட்டி தேய்ந்த பிறகு தொடைக்குப் பயிற்சி: மறக்க முடியாத அனுபவம் இருந்தா சொல்லுங்க

இடதுமுட்டி:
தேய்மானம் கிரேடு 3, அதாவது நாலுல மூணாவது நிலை. எக்ஸ்ரே கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை விடுங்க. பிசியோ முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு, "துண்டை அமுக்குங்கம்மா"ன்னாங்க. பல்லைக் கடிச்சு அமுக்கினேன். என் கையைப் பிடிச்சு என் தொடை மேலேயே வெச்சாங்க. வலது தொடை கல்லா இறுகுது. இடது பஞ்சு மூட்டை மாதிரி கிடக்கு. என் கால், என் சொல்பேச்சு கேட்கலை! முட்டிக்குள்ள நீர் கோத்திருந்தா தொடைத் தசைக்குப் போற உத்தரவே மட்டுப்பட்டுடும்னு அப்புறம் சொன்னாங்க. அதைக் கேட்கிற நிலையில நான் இல்லை, அழுதுட்டிருந்தேன். மூணாவது வாரம் லேசா ஒரு துடிப்பு வந்துச்சு. இப்ப பத்து எண்ணுற வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிறேன். ஆனாலும் அந்தப் பஞ்சைத் தொட்டது விரல்லேயே இருக்கு.

படியிறங்கி:
எனக்கு நாற்காலி. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் எழுந்தாச்சு, நான் எழ முடியாம உட்கார்ந்திருக்கேன். முன்பின் தெரியாத ஒரு பையன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். மறுநாளே நாற்காலியில ரெண்டு தலையணை போட்டு, கை ஊனாம எட்டு தடவை எழுந்து உட்கார ஆரம்பிச்சேன். கடைசித் தலையணையை எடுக்க ரெண்டு மாசமாச்சு. ஒண்ணு மட்டும், வலிச்சா உடனே நிறுத்திடணும்.

காலைநடை:
படியிறங்கி அக்கா, கடைசி வரியை ஒத்துக்க மாட்டேன். "வலிச்சா நிறுத்து"ன்னு நம்பி ஒண்ணரை வருஷம் சும்மா இருந்தேன், தொடை சூம்பிப் போச்சு. டென்மார்க்ல 2013ல ஆரம்பிச்ச, மூட்டுத் தேய்மானத்துக்கான கிளாட்ங்கிற பயிற்சித் திட்டத்துல, வலி பத்துக்கு அஞ்சு வரைக்கும் போகலாம், 24 மணி நேரத்துக்குள்ள பழைய நிலைக்குத் திரும்பணும்னுதான் சொல்லித் தர்றாங்க. திடீர்னு வீங்கினாலோ முட்டி பூட்டிக்கிட்டாலோ அது வேற, டாக்டரைப் பார்க்கணும்.

பழையஓட்டம்:
காலால எடையைத் தள்ளுற லெக் பிரஸ் மெஷின்ல ஒரே நாள்ல எடையைக் கூட்டினேன், ராத்திரி முட்டி பந்தா வீங்கிடுச்சு. என் கதை அவ்வளவுதான். ஆனா எல்லாருக்கும் சொல்றேன், எடையைத் துரத்தாதீங்க. அமெரிக்காவுல முட்டித் தேய்மானம் இருந்த 377 பேரை வெச்சு 18 மாசம் ஆராய்ஞ்சு 2021ல வெளியிட்டாங்க. நிறைய எடை தூக்கினவங்க, குறைச்சலா தூக்கினவங்க, பயிற்சியே இல்லாம உடல்நல வகுப்புக்கு மட்டும் வந்தவங்க, மூணு குழுவுக்கும் வலியில பெரிய வித்தியாசம் வரலை. அதுக்காகப் பயிற்சியை விட்டுடாதீங்க, எழுந்து நடக்கத் தெம்பு வேணுமே. இடுப்புப் பக்கத் தசையை யாரும் கவனிக்கிறதில்லை. ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலைத் தூக்குங்க. ஆழமா குந்தாதீங்க, மடக்க மடக்க முட்டிச்சில்லுல அழுத்தம் ஏறும். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில. அப்புறம் உடம்பு எடை...

இடதுமுட்டி:
அண்ணா, எல்லாம் நல்லதுக்குத்தான் சொல்றீங்க. நான் தெரிஞ்சுக்க நினைச்சது ஒண்ணே ஒண்ணு. தொடை அப்படி அசையாமலே கிடந்தது வேற யாருக்காவது நடந்திருக்கா?

படியிறங்கி:
எனக்கு நடந்திருக்கும்மா. வலது கால். நாலு வாரம். தினமும் ரெண்டு தொடையிலயும் கை வெச்சு, நல்ல தொடையை முதல்ல இறுக்கிட்டு அப்புறம் இதை இறுக்கிப் பார்ப்பேன். ஒருநாள் கைக்கு அடியில அசைஞ்சுது.