ஒன்பது மாதப் படைப்பணிக்குச் செல்கிறேன்: 2001 டகோமாவை எப்படி நிறுத்தி வைப்பது?

கேள்வி (பாலைவீரன், எல் பாசோ)

அனைவருக்கும் வணக்கம். நான் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் பிளிஸ் தளத்தில் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றுகிறேன். அடுத்த மாத இறுதியில் எங்கள் பிரிவு ஒன்பது மாதப் பணிக்காகக் குவைத் செல்கிறது. என்னிடம் 2001ஆம் ஆண்டு டொயோட்டா டகோமா டிரக் இருக்கிறது, 3.4 லிட்டர் வி6 எஞ்சின், மேனுவல் கியர். அப்பா புதிதாக வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு என்னிடம் கொடுத்தது. அந்தக் காலத்து டகோமாக்களில் அடிச்சட்டம் (ஃபிரேம்) துருப்பிடிக்காத வண்டி கிடைப்பது அரிது என்பதால், இதை இழக்க எனக்கு மனமில்லை. மைத்துனர் வீட்டு கராஜில் இடமும் மின் இணைப்பும் உண்டு. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதாக அவர் சொல்கிறார். அது போதுமா?

பதில் 1 (பட்டறைக்காரர், ஹூஸ்டன்)

தம்பி, மைத்துனரின் அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, சாவியைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய எஞ்சினிலிருந்து அது வெளியேறிவிடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அது ஆயிலிலும் சைலன்சருக்குள்ளும் தண்ணீராகத் தங்கி, உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரமும் அந்தச் சில நிமிடங்களில் பேட்டரிக்கு முழுதாகத் திரும்புவதில்லை. யாரேனும் அரைமணி நேரம் சாலையில் ஓட்டி வர முடியுமானால் ஓட்டட்டும். இல்லையென்றால் வண்டி உறங்குவதே நல்லது.

உங்கள் முதல் கவலை பெட்ரோலாக இருக்கட்டும். இங்கே பம்பில் கிடைப்பதில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும்; அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், மாதங்கள் செல்லச் செல்லப் பெட்ரோலும் கெட்டுப் பிசுபிசுப்பாகும். பெட்ரோலைக் கெடாமல் வைக்கும் ஸ்டேபிலைசர் திரவத்தை அளவாக ஊற்றி, டேங்கை ஏறத்தாழ முழுதாக நிரப்பி, பங்கிலிருந்து வீடுவரை ஓட்டி வாருங்கள். மருந்து கலந்த பெட்ரோல் இன்ஜெக்டர் வரை போய்ச் சேர்ந்துவிடும். டேங்கில் வெற்றிடம் குறைந்தால் ஈரக்காற்றுக்கும் இடம் குறையும்.

அடுத்தது பேட்டரி. அணைத்து வைத்த வண்டியும் கடிகாரம், அலாரம் போன்றவற்றுக்கு மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐம்பதே நாளில் காலியாகிவிடும். கராஜில் மின் இணைப்பு இருப்பதால், நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் பேட்டரி மெயின்டெய்னரை இணைத்துவிட்டுச் செல்லுங்கள். சாதாரண சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டிவைக்கக் கூடாது.

பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். ஆகவே நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள், திரும்பி வந்து மாற்றுவதில் பயனில்லை. டயரில் காற்றை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டுங்கள், ஆனால் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

பதில் 2 (படைவீரர் மனைவி, கில்லீன்)

வணக்கம் சகோதரரே. காகித வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள். தளத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் உங்கள் மைத்துனர் பெயருக்கு, இந்த வண்டிக்கு மட்டுமான அதிகாரப் பத்திரத்தைக் கட்டணமின்றி எழுதித் தருவார்கள். அது இல்லாமல் பதிவைப் புதுப்பிக்கவோ காப்பீட்டு நிறுவனத்தோடு பேசவோ அவர் அலைய நேரிடும். காப்பீட்டை ரத்து செய்துவிடாதீர்கள். நிறுத்தி வைத்த வண்டிக்கு எந்த அளவில் குறைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். திருட்டு, தீ, ஆலங்கட்டி மழைக்கான பாதுகாப்பு மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

ஒருவேளை கராஜ் கிடைக்காமல் தனியார் சேமிப்பிடத்துக்குப் போக நேர்ந்தால், 2003ஆம் ஆண்டின் படைவீரர் குடிமை நிவாரணச் சட்டம் உங்களுக்குத் துணை. வாடகை பாக்கி என்று சொல்லி, பணிக்காலத்திலும் அதன்பின் 90 நாட்கள் வரையிலும் நீதிமன்ற ஆணை இல்லாமல் உங்கள் வண்டியை விற்க முடியாது.

பாலைவீரன்

இருவருக்கும் மிக்க நன்றி. கிளட்சுக்கு ஏதேனும் செய்ய வேண்டுமா? கராஜில் எலி நடமாட்டமும் உண்டு.

பதில் 3 (பட்டறைக்காரர்)

ஒன்பது மாதத்தில், அதுவும் எல் பாசோவின் வறண்ட காற்றில், கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்வது அபூர்வம்; மைத்துனர் மாதம் ஒருமுறை பெடலைச் சில தடவை மிதித்தால் போதும். எலியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும், ஒயரைக் கடித்துவிடும். உள்ளே ஒரு பருக்கை உணவுகூட இல்லாமல் துடைத்துவிட்டு, காற்று உறிஞ்சும் குழாய் வாயையும் சைலன்சர் வாயையும் துருப்பிடிக்காத கம்பி வலையால் அடையுங்கள். வெளியே கராஜ் சுவரோரமாக எலிப்பொறி இருக்கட்டும். எங்கெங்கே அடைத்தீர்கள் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்பது மாதம் கழித்து வருபவருக்கு அது நினைவிருக்காது. வலையை எடுக்காமல் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.