சொல் தேவை: கேபிள் வயருக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் நிற்கும் பெட்டி

கோத்தகிரியிலிருந்து:

வணக்கம். ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்காக, வீட்டுப் புரொஜெக்டரில் கேபிள் டிவி பார்ப்பது எப்படி என்று ஒரு செய்முறைக் குறிப்பு தயாராகிறது. புரொஜெக்டருக்கு ‘ஒளிவீழ்த்தி’ என்று எழுதியாயிற்று, அதில் சண்டை இல்லை. சிக்கல் நடுவில் இருக்கும் பெட்டியில்தான். கடையில் செட்டாப் பாக்ஸ் என்கிறார்கள், தமிழில் என்ன எழுதுவது?

ஒளிவீழ்த்தியின் முதுகில் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, மஞ்சள் ஏவி துளைகள் இருக்கும். கேபிள் வயரைத் திருகி மாட்டும் துளை பெரும்பாலானவற்றில் இருக்காது. உடனே கடையில் போய் ‘கன்வெர்ட்டர்’ கேட்கிறார்கள். கிடைப்பது ஒரு பக்கம் திருகும் மறுபக்கம் ஆர்சிஏ முனையும் (மஞ்சள் துளையில் செருகுவது) கொண்ட பித்தளைத் துண்டு. மாட்டினால் நீலத் திரைதான். அந்தத் துண்டு மாற்றுவது உலோகத்தின் வடிவத்தை மட்டுமே. வயருக்குள் நூற்றுக்கணக்கான சேனல்கள் ஏறத்தாழ 50 முதல் 860 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் ஏறி வருகின்றன. மஞ்சள் துளை எதிர்பார்ப்பதோ, அலையிலிருந்து இறக்கி வைத்த ஒரே ஒரு சேனலின் படத்தை, அதுவும் ஐந்தாறு மெகாஹெர்ட்ஸுக்குள்.

ஆகவே ‘மாற்றி’ என்ற சொல் ஆளை ஏமாற்றும். ட்யூனர் என்ற பொருளில் ‘இசைவி’ என்று வைக்கலாமா?

கொடைக்கானலிலிருந்து:

கோத்தகிரி அண்ணனுக்கு வணக்கம். ‘மாற்றி’ வேண்டாம் என்பது சரி. ‘இசைவி’யும் வேண்டாம் என்பேன். இசைக்கருவியோடு குழம்பும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் பரணில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் மானிட்டரில் டிவி பார்க்க, விஜிஏ துளையோடு ஒரு ‘டிவி ட்யூனர்’ பெட்டி முன்பு விற்றதே, உண்மையான இசைவி அதுதான். அனலாக் அலையில் ஒன்றைத் தேர்ந்து படமாக்கும். பழைய விசிஆரிலும் அதே உறுப்பு உண்டு. கேபிள் டிஜிட்டலாக மாறியது 2012 அக்டோபர் இறுதியில் பெருநகரங்களில் தொடங்கியது. ஊர்ப்புறங்களுக்கான கடைசிக் கட்டத்தின் கெடு 2017 மார்ச் 31. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எதையும் பிடிக்காது. குறிப்பில் ‘இசைவி தேவை’ என்று எழுதினால், படிப்பவர் பரணிலிருந்து அதை இறக்கித் தூசி தட்டிவிடுவார்.

இன்றைய பெட்டி மூன்று வேலை செய்கிறது. அலையைத் தேர்கிறது, பண்பிறக்குகிறது, அதாவது அலைமேல் ஏறி வந்ததை இறக்குகிறது (பாடநூலில் பண்பேற்றம், பண்பிறக்கம் இருக்கின்றன, புதிதாக எதுவும் வேண்டாம்), பிறகு சுருக்கியும் பூட்டியும் வந்த படத்தைப் பிரித்தெடுக்கிறது. ஒரு வேலையின் பெயரை முழுப் பெட்டிக்கும் சூட்டினால் மற்ற இரண்டும் மறைந்துபோகும். கட்டி வந்த பொட்டலத்தை அவிழ்ப்பதுபோல என்று நினைத்து ‘அலையவிழ்ப்பி’ என்கிறேன். ‘படமீட்பி’யும் தோன்றியது, ஆனால் அழிந்த போட்டோவை மீட்கும் மென்பொருள் என்று நினைப்பார்கள்.

இன்னொன்று. கோஆக்சியல் எனப்படும் இந்தக் கேபிள் வயருக்கு ‘இணையச்சு வடம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். இணைகோடு என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் கோடு. அந்தப் பெயர் பழைய யாகி ஆன்டெனாவிலிருந்து (மாடியில் நின்ற கம்பி ஆன்டெனா) இறங்கிய 300 ஓம் தட்டை வயருக்குத்தான் பொருந்தும். நம் 75 ஓம் வயரில் நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் ஒரே அச்சில் இருக்கின்றன. ‘ஓரச்சு வடம்’ போதும்.

குன்னூரிலிருந்து:

அலையவிழ்ப்பி வாய்க்குக் கொஞ்சம் நீளம், பொருள் பிசகவில்லை. ஆனால் ஒற்றைச் சொல் போதாது. ஆர்ஜி-6 என்ற ஒரே வகை ஓரச்சு வடம்தான் தெருக் கேபிளுக்கும், மொட்டைமாடி டிஷ்ஷுக்கும். பெட்டிகளோ வேறு. கேபிள் பெட்டி பிரிப்பது டிவிபி-சி என்ற ஒளிபரப்பு முறையை. டிஷ் பெட்டி பிரிப்பது டிவிபி-எஸ் அல்லது எஸ்2, அதற்கு வரும் அலை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ். ஒன்றின் வடத்தை மற்றொன்றில் திருகினால் திருகு கச்சிதமாகப் பொருந்தும், படம் மட்டும் வராது. ‘கேபிள் அலையவிழ்ப்பி’, ‘டிஷ் அலையவிழ்ப்பி’ என்று முன்னொட்டோடே எழுதுங்கள்.

டிஷ் பெட்டி வடத்தின் வழியே 13 அல்லது 18 வோல்ட் மேலே அனுப்பித்தான் எல்என்பியை (டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் உறுப்பு) கட்டுப்படுத்துகிறது. ஹாலில் டிவிக்கு ஒன்று, ஒளிவீழ்த்திக்கு ஒன்று என்று சாதாரண ஸ்ப்ளிட்டரில் பிரித்தால் இரண்டு பெட்டியும் எல்என்பியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஒன்றில் பாதிச் சேனல் காணாமல் போகும். இரட்டை வெளியீட்டு எல்என்பி போட்டுத் தனி வடம் இறக்க வேண்டும். தெருக் கேபிளில் அந்தத் தொல்லை இல்லை, இரண்டாகப் பிரித்தால் 3.5 முதல் 4 டெசிபல் சிக்னல் இழப்போடு முடியும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதைக் குறிப்பில் கட்டாயம் சேருங்கள். டிவி ஸ்டாண்டில் பெட்டியை வைத்துவிட்டு எதிர்ச் சுவருக்கு 15 மீட்டர் எச்டிஎம்ஐ இழுப்பார்கள். திரை சிமிட்டும், சமயத்தில் கறுத்துவிடும். ஓரச்சு வடம் நீளத்தைத் தாங்கும்: 20 மீட்டருக்கு, கேபிள் அலைவரிசையின் மேல்முனையில்கூட, நாலு டெசிபல் அளவுதான் போகும். வடத்தை நீளமாக விட்டு, பெட்டியை ஒளிவீழ்த்திக்குப் பக்கத்தில் வைத்து, 2 மீட்டர் எச்டிஎம்ஐயில் முடிப்பதே நல்லது. ரிமோட்டைத் திரை பார்த்து நீட்டினால் வேலை செய்யாமல் போகலாம், அதை விருந்தினருக்குச் சொல்லிவைக்க வேண்டியதுதான்.

படம் வந்து சத்தம் வராவிட்டால் பெட்டியின் ஆடியோவை டால்பியிலிருந்து பிசிஎம்முக்கு (சுருக்காத சாதாரண ஒலி) மாற்றவும். 3.5 மில்லிமீட்டர் ஏவி வடத்தில் படத்துக்குப் பதில் இரைச்சல் வந்தால், சிவப்பு முனையை மஞ்சளுக்குரிய துளையில் செருகிப் பாருங்கள். அந்த முனையின் வளைய வரிசை ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு மாதிரி. பல வேளைகளில் இதிலேயே படம் வந்துவிடும்.

மலையில் எதிரி தூரமல்ல, மூடுபனி. வெளியே இருக்கும் இணைப்பில் ஈரம் புகுந்தால் வலை அதை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும், செம்பு பச்சை பூக்கும், படம் கட்டம் கட்டமாக உடையும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, வீட்டுக்குள் நுழையுமுன் வடத்தைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மலைச்சரிவு டிஷ்ஷை மறைக்குமே என்று கேட்பவர்களுக்கு: தூர்தர்ஷனின் இலவசச் சேவையான ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. இங்கிருந்து தென்கிழக்கே, ஏறத்தாழ 66 டிகிரி உயரம். மலை மறைப்பது அபூர்வம். மறைப்பது வீட்டை ஒட்டிய கற்பூர மரமும் சில்வர் ஓக்கும்.

கோத்தகிரியிலிருந்து:

இருவருக்கும் நன்றி. முதல் வரி இப்படி வருகிறது: “பெரும்பாலான ஒளிவீழ்த்திகளுக்குள் அலையவிழ்ப்பி கிடையாது, கேபிளா டிஷ்ஷா என்று பார்த்து, அதற்குரிய அலையவிழ்ப்பியை (கடையில் செட்டாப் பாக்ஸ்) ஓரச்சு வடத்துக்கும் எச்டிஎம்ஐக்கும் நடுவில் வைக்கவும்.” கூடவே ஓர் எச்சரிக்கை: சில பெட்டிகளின் பின்னால் ‘கோஆக்சியல்’ என்று எழுதிய ஆர்சிஏ துளை இருக்கும். அது டிஜிட்டல் ஒலி வெளியே போகும் வழி, அதில் கேபிளைச் செருகக் கூடாது. அதற்கு ‘ஒலி ஓரச்சுத் துளை’.

வடத்தின் நுனியில் பொருத்தும் எஃப் கனெக்டர்தான் மிச்சம். ‘திருகுமுனை’ என்று எழுதியிருந்தேன். ஆனால் வடத்தில் திருகிப் பொருத்துவது ஒரு வகை, கருவியால் அமுக்கிப் பொருத்துவது இன்னொரு வகை. ஈரத்தில் முதலாவது சீக்கிரம் தளர்ந்துவிடும், அமுக்குவதைத்தான் வாங்கச் சொல்கிறோம். பெட்டியில் மாட்டும்போதோ இரண்டையும் திருகித்தான் மாட்டுகிறோம். ‘அமுக்குத் திருகுமுனை’ என்றால் கடைக்காரருக்குப் புரியுமா?