மினிடிவி (MiniDV) நாடாவில் எடுத்த மலை ரயில் காட்சி: டீஇன்டர்லேஸ் செய்தபின் முன்னும் பின்னும் உதறுகிறது

குன்னூர்க்காரன்:
வணக்கம். என் தந்தையார் 2005ஆம் ஆண்டு ஹில்குரோவ் நிலையத்தில் நின்று மினிடிவி கேமராவில் எடுத்த நீலகிரி மலை ரயில் காட்சிகளை, நாடாவில் பூஞ்சை ஏறுவதற்குள் கணினிக்கு மாற்றி வருகிறேன். ஃபயர்வயர் கம்பி வழியாக எடுத்த மூலக் கோப்பு நன்றாக இருக்கிறது. அதில் வேண்டிய பகுதிகளை வெட்டி, வேறொரு மென்பொருளில் இடைக்கோப்பாகச் சேமித்து, எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற காணொளி மென்பொருளின் யாடிஃப் வடிப்பானை ஃபீல்டுக்கு (பிரேமில் பின்னிக் கிடக்கும் பாதிப் படத்துக்கு) ஒரு முழுப் பிரேம் வரும்படி ஓட்டினேன். இப்படிப் பிரித்தெடுப்பதுதான் டீஇன்டர்லேஸ். எஞ்சின் அசையாமல் நின்றிருக்கும்வரை குறையில்லை. பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு அது நகரத் தொடங்கியதும், சக்கரங்களை இணைக்கும் தண்டு முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போவது போல உதறுகிறது. 1080 வரிகளுக்குப் பெரிதாக்கிவிட்டு ஓட்டினால் உதறல் மங்குகிறது, ஆனால் சீப்புப் பல் போன்ற கோடுகள் தடித்துவிடுகின்றன. வேறு வடிப்பானுக்கு மாற வேண்டுமா?

கோத்தகிரி:
நண்பரே, வடிப்பானை மாற்றுவதற்கு முன் ஃபீல்டு வரிசையைப் பாருங்கள். பால் (PAL) என்ற காணொளி முறையில் நொடிக்கு 25 பிரேம்கள் என்றாலும், ஒவ்வொரு பிரேமிலும் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பிடிக்கப்பட்ட இரண்டு ஃபீல்டுகள், ஒன்று விட்டு ஒரு வரியாகப் பின்னிக் கிடக்கின்றன. டிவி (DV) வடிவத்தில் கீழ் ஃபீல்டுதான், அதாவது மேலிருந்து இரண்டாம், நான்காம் வரிகள் கொண்டதுதான், முந்தையது. உங்கள் இடைக்கோப்பில் எது முதல் என்ற குறிப்பு தொலைந்திருக்க வேண்டும். குறிப்பு இல்லாதபோது யாடிஃப் மேல் ஃபீல்டே முதல் என்று எடுத்துக்கொள்ளும். பிந்தைய கணம் முதலிலும் முந்தைய கணம் பிறகுமாக இடம் மாறி ஓடுவதால்தான் தண்டு உதறுகிறது. யாடிஃபில் எந்த ஃபீல்டு முதல் என்று சொல்லும் பேரிட்டி (parity) அமைப்பைக் கீழ் ஃபீல்டு முதல் என்று நீங்களே கொடுங்கள், அல்லது செட்ஃபீல்டு வடிப்பானை முன்னால் வையுங்கள். அது படத்தைத் தொடாமல் குறிப்பை மட்டும் திருத்தும். ஃபீல்டுஆர்டர் என்ற வடிப்பான் வேறு, அது படத்தையே ஒரு வரி நகர்த்திவிடும்.

பெரிதாக்குவதை எப்போதும் டீஇன்டர்லேஸுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் இரு வேறு கணங்களின் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கலந்த பாலையும் நீரையும் பிறகு எந்த வடிப்பானாலும் பிரிக்க முடியாது. மேலிருந்து ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரிகளை வெட்டினாலும் வரிசை தலைகீழாகும்.

உதகை:
மேலே சொன்னது சரி. ஐடெட் வடிப்பானை ஓட்டினால் எத்தனை பிரேம்கள் எந்த வரிசையில் உள்ளன என்று எண்ணிச் சொல்லும். ஆனால் அசைவே இல்லாத இடத்தில் அதற்கு ஆதாரம் கிடைக்காது. பனிமூட்டம் மூடிய காட்சிகளில் நான் அதை நம்புவதில்லை. எஞ்சின் ஓடும் பகுதியை மட்டும் வெட்டி அதற்குக் கொடுக்கவும்.

டீஇன்டர்லேஸ் செய்யாமலே அளவை மாற்ற நேர்ந்தால், ஸ்கேல் வடிப்பானில் இன்டர்ல் என்ற அமைப்பைப் பயன்படுத்துங்கள். அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது ஃபீல்டுகளைப் பொருட்படுத்தாது. 1 என்றால் கட்டாயமாகவும், கழித்தல் 1 என்றால் பிரேமின் குறிப்பைப் பார்த்தும் ஃபீல்டுகளைத் தனித்தனியே அளவு மாற்றும். என் கருத்தில் இயல்பு மதிப்பே கழித்தல் 1 ஆக இருக்க வேண்டும். குறைந்தபட்சம், இன்டர்லேஸ் குறிப்புள்ள பிரேம் வரும்போது ஓர் எச்சரிக்கையாவது தர வேண்டும். குறிப்பு பிரேமோடு பயணம் செய்தும் அதை யாரும் கேட்காமல் போவதே இத்தகைய குழப்பங்களுக்குப் பெரும்பாலும் காரணம்.

குன்னூர்க்காரன்:
மிக்க நன்றி. செப்பரேட்ஃபீல்ட்ஸ் வடிப்பானால் ஃபீல்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். இடைக்கோப்பில் குறிப்பு இல்லை, தண்டு பின்வாங்குவது கண்ணுக்கே தெரிந்தது. மூலக் கோப்பிலிருந்து, பேரிட்டியைக் கையால் கொடுத்து, பிடபிள்யூடிஃப் (bwdif) என்ற மற்றொரு டீஇன்டர்லேஸ் வடிப்பானில் ஓட்டிப் பிறகு பெரிதாக்கினேன். தண்டு இப்போது ஒரே சீராகச் சுற்றுகிறது, நொடிக்கு 50 பிரேம்களும் கிடைக்கின்றன. இடைக்கோப்புகளை அழித்துவிட்டு மூன்று நாடாக்களையும் மறுபடி தொடங்குகிறேன். மூல டிவி கோப்புகளை மட்டும் தொடாமல் இரண்டு வட்டுகளில் வைத்திருக்கிறேன்.