பாத்ரூமில் என்ன 'கிரைம்'?

உப்புவெளிப் பெடியன்:
உப்புவெளியில் ஐந்தே அறை உள்ள ஒரு சின்ன விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். போன கிழமை தங்கிப்போன வெள்ளைக்காரத் தம்பதி மூன்று நட்சத்திரம் போட்டு, 'கடற்கரை அருமை, சாப்பாடு அருமை, பாத்ரூம் டைல்ஸ் கிரைமி' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த கிரைம் பொலிஸ் பார்ப்பதுதான். பாத்ரூமில் என்ன குற்றம் நடந்தது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தேன், சிரிக்காதீர்கள். முதலாளி, "ஊத்தை என்றுதான் அர்த்தம், ஒழுங்காகக் கழுவு" என்கிறார். தினமும் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவுகிற ஆள் நான். உண்மையில் இது ஊத்தைதானா, வேறு ஏதுமா?

அனுராதபுரச் சந்தி கராஜ்:
என் கையைப் பார்த்தால் விளங்கும் தம்பி. மூன்று தரம் கழுவினாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். அதுதான் கிரைம். என்ரை மனுசி அதற்கு வேறு பெயர் சொல்லுவா, இங்கே எழுத ஏலாது.

பழைய இங்கிலீஷ் வாத்தி:
குற்றத்துக்கு முதலெழுத்து 'சீ' (crime), இதற்கு 'ஜீ' (grime). தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கி' என்பதால் வந்த வினை. டஸ்ட் என்றால் தூசி, துணியால் தட்டினால் போய்விடும். கிரைம் நாள்பட்டு ஏறி ஒட்டிக்கொண்டது, உரஞ்சினால்தான் போகும். டேர்ட் பொதுச்சொல், ஆனால் அமெரிக்கர் மண்ணையும் அப்படித்தான் சொல்வார்கள்; அவர்களுடைய 'டேர்ட் ரோட்' நம்முடைய மண் ரோட்டுத்தான். பயப்பட வேண்டியது 'ஃபில்தி'க்கு. அதில் அருவருப்பு இருக்கிறது. அந்தச் சொல்லை அவர்கள் எழுதவில்லை, அதுவரைக்கும் சந்தோசப்படுங்கள்.

நமக்கு உடுப்பும் ஊத்தை, பல்லும் ஊத்தை, கதையும் ஊத்தை. கிரைமுக்கென்று தனிச்சொல் தேடினால் 'பிசுக்கு' வருகிறது, ஆனால் அதற்கு எண்ணெய் வேண்டும். 'படிவு' என்று எழுதலாம், வீட்டில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? கறள் பிடிக்கும், பாசி பிடிக்கும், ஊத்தை பிடிக்கும் என்போமே, அந்தப் 'பிடிக்கும்' இருக்கிறதல்லவா, அதற்குள்தான் கிரைம் இருக்கிறது.

லண்டன் திருமலைக்காரி:
என் மகனைக் கேட்டால் கிரைம் என்பது பாட்டு என்பான். 2000களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில் கிளம்பிய ராப் மாதிரி ஒன்று; எனக்குத் தலையிடி. அது கிடக்கட்டும். தம்பி, உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் தண்ணீரில் கல்சியம் கூட. அதோடு சவர்க்காரம் சேர்ந்தால் டைல்ஸில் படை கட்டும். தினமும் கழுவுகிறேன் என்கிறீர்களே, தினமும் ஒரு படை ஏற்றியிருக்கிறீர்கள். வினாகிரி ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். மாபிள் கல் என்றால் மட்டும் வேண்டாம், அரித்துவிடும்.

உப்புவெளிப் பெடியன்:
கேத்தலில் வெள்ளைதான் அக்கா. ஒரு போத்தல் வினாகிரி வாங்கி, மூலையில் நாலு டைல்ஸில் ஊற்றி, கால் மணித்தியாலம் விட்டுத் தேய்த்தேன். நாலும் நீலம். இவ்வளவு நாளும் அதைச் சாம்பல் நிறம் என்றே நினைத்திருந்தேன். முதலாளியிடம் இன்னும் காட்டவில்லை, மற்றதையும் முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன்.