‘பதம்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

பேடாக்காரன்: ஆற்காடு மக்கன் பேடா செய்முறையை ஆங்கிலத்தில் எழுதணும். “பாகு பிசுக்குப் பதம் வந்ததும் இறக்கவும்”, “மாவு பூரி மாவைவிட இளகின பதம்”. ரெண்டு இடத்திலும் ஒரே சொல். கன்சிஸ்டன்சின்னு போட்டா எப்போ இறக்கணும்னு தெரியல. ஸ்டேஜ்னா மாவுக்கு ஒட்டல. வேற சொல் உண்டா?

அடுப்படி: ஒரே சொல் கிடைக்காது. அடுத்த வேலைக்குத் தயாராகி, இன்னும் கைமீறிப் போகாத நிலைதான் பதம். முந்தினாலும் பிந்தினாலும் ‘பதம் தப்பிடுச்சு’ன்னுதானே சொல்றோம்? அதனால் கைக்குத் தெரியும் அடையாளத்தை எழுதுங்க. 1 கப் சர்க்கரைக்கு 1 கப் தண்ணீர். பாகு விரல்களுக்கு நடுவே ஒட்டணும், கம்பி இழுக்கக் கூடாது. ஒரு கம்பிப் பதம் சுமார் 105 டிகிரி செல்சியஸ். அதுவரை விட்டால் பாகு பேடாவுக்குள் இறங்காது, மேலே சர்க்கரை பூத்துவிடும். மாவு உருண்டையில் விரிசல் தெரியக் கூடாது. தெரிந்தால் எண்ணெயில் வெடிக்கும். சோடா கூடினாலும் பிரிந்து கரைந்துவிடும்.

தோல்ஷாப்: ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் இதே சொல்தான் தோலுக்கும்: பதனிடுதல். ஆங்கில ‘டான்’ ஓக் மரப்பட்டையைக் குறித்த சொல். அவங்க போட்ட சரக்கைச் சொன்னாங்க, நாம வந்து சேர்ந்த நிலையைச் சொல்றோம். குரோம் உப்பில் பதனிட்ட தோலுக்குப் பதம் பார்க்க, ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணியில் 2, 3 நிமிஷம் போடுவாங்க. சுருண்டால் தோலைப் போட்டுச் சுழற்றுற டிரம் இன்னும் ஓடணும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்ட தோலுக்கு இந்தச் சோதனை ஆகாது, நல்ல தோலே சுருங்கிடும். ஓரத்தை வெட்டிப் பாருங்க. நடுவில் வெளிறின கோடு இருந்தால் சாறு உள்ளே போகல.

எல்லையோரம்: “வேற எந்த மொழியிலும் இல்லாத சொல்”னு மட்டும் முன்னுரையில் எழுதிடாதீங்க. தெலுங்கில் பதுனு, கன்னடத்தில் ஹத. சித்தூர் பக்கம் உழவுக்குப் பதுனு பார்க்கிறதும் நம்ம உழவுப் பதமும் ஒண்ணுதான்: ஒரு பிடி மண்ணை அழுத்தி, இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் உதிரணும். உருண்டையாவே கிடந்தால் ஈரம் ஜாஸ்தி, உழுதால் கட்டி கட்டியாய்க் காயும். பிடியே நிற்கலன்னா பதம் போச்சு. இன்னொண்ணு, இலக்கணத்துல ‘பகுபதம்’ல வர்ற பதம் வடமொழி வழி வந்தது, சொல்னு அர்த்தம். ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

பேடாக்காரன்: அப்போ பதம்னே வெச்சு, முதல் தடவை அடையாளத்தோட எழுதிடறேன். பிசுக்குப் பதத்துக்கு எத்தனை டிகிரி போடலாம்?

அடுப்படி: போடாதீங்க. பாகு கொதிக்க ஆரம்பிக்கிறதுக்கும் பிசுக்குப் பதத்துக்கும் நடுவே சில டிகிரிதான். வீட்டுத் தெர்மாமீட்டரின் பிழையே அவ்வளவு வரும். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து, ஊதி ஆறவெச்சுத் தொடச் சொல்லுங்க. சூட்டோட தொட்டால் எந்தப் பாகும் நீர்ப்பாத்தான் தெரியும், விரலும் வெந்துடும்.